மாற்றிப் பார்ப்பது மருத்துவம் அல்ல

'பழைய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும்.' தமிழில் இன்று புழங்கும் சோம்பேறி வாக்கியங்களை யாரேனும் தொகுக்க முற்பட்டால், முதல் பத்துக்குள் இதற்கு ஓர் இடம் உறுதி. மேலுக்கு இது அனுபவஸ்தரின் ஆறுதல்போல ஒலிக்கும். உண்மையில் இது ஆராய மறுப்பவரின் கைகழுவல். இந்த வாக்கியத்தை ஓராண்டில் ஐந்து பேர் எங்களிடம் சொன்னார்கள். ஐவருமே வாகனத்தைத் தொழிலாகக் கொண்டவர்கள். ஐந்தாவது முறை கேட்டபோது நாங்களே அதை நம்பத் தொடங்கியிருந்தோம். அந்த நம்பிக்கை எங்களில் மூவரின் உயிரைக் குடித்திருக்கும். அதனாலேயே இந்தக் கட்டுரை.

முதலில் வண்டியைப் பற்றி. இலக்கியக் கூட்டங்களுக்குச் சென்று வருவதற்கென்று நண்பர்கள் மூவர் சேர்ந்து ஐம்பத்தைந்தாயிரம் ரூபாய்க்கு வாங்கிய, 1999-இல் பதிவான சிறிய பெட்ரோல் கார். எந்த நிறுவனத்தின் தயாரிப்பு என்பதைச் சொல்லப்போவதில்லை. உப்புக்காற்றுக்கும் துருவுக்கும் கம்பெனி வேறுபாடு கிடையாது. சென்ற ஆண்டு ஐப்பசி மழைக்குப் பிறகு அது சில சில்லறைச் சேட்டைகளைச் செய்யத் தொடங்கியது. அவற்றை வரிசையாகச் சொல்கிறோம். வாசகர் தாமே ஒரு கணம் நின்று யோசிக்கட்டும்.

பகலில், விளக்கு எதையும் போடாத நிலையில் பிரேக்கை மிதித்தால், டேஷ்போர்டின் உள்விளக்குகள் மெல்ல ஒளிரும். வலப்பக்க இண்டிகேட்டரைப் போட்டால் சில நேரம் ஒழுங்காகவும் சில நேரம் மூச்சிரைக்கும் வேகத்திலும் துடிக்கும். இடப்பக்கத்துக்கு அந்தப் பதற்றம் இல்லை. சிக்னலில் பிரேக்கை மிதித்தபடி நின்றால் பெட்ரோல் முள் மெதுவாகக் கீழே சரியும். காலை எடுத்தால் பழைய இடத்துக்கு ஏறிவிடும். இரவில் பின்னால் நின்று பார்த்தால் வலப்பக்கச் சிவப்பு விளக்கு இடப்பக்கத்தைவிட மங்கலாகத் தெரியும்.

இவ்வளவுதான். வண்டி ஓடியது. எஞ்சின் முறுமுறுக்கவில்லை. ஆகவே இவை 'சின்னப் பிரச்சினைகள்'.

*

இந்த நான்கு அறிகுறிகளுக்கும் நான்கு பேர் நான்கு மருந்துகள் கொடுத்தார்கள். விளக்கு மங்குகிறதா? பேட்டரி போய்விட்டது. புதிய பேட்டரி, 4,200 ரூபாய். இண்டிகேட்டர் ஒழுங்கில்லையா? பிளாஷரை மாற்று, 250 ரூபாய். பெட்ரோல் முள் இறங்குகிறதா? டேங்கின் மிதவை, 1,400 ரூபாய். அதற்கும் அடங்கவில்லையா? அப்படியானால் மீட்டரே கெட்டுவிட்டது. பழைய சாமான் கடையிலிருந்து இன்னொரு மீட்டர், 1,800 ரூபாய். ஆக மொத்தம் 7,650 ரூபாய். ஐந்தாமவர் ஒருபடி மேலே போய், 'மொத்த ஒயரிங்கையும் உருவிப்போட்டுப் புதிதாக இழுத்துவிடலாம் சார்' என்றார். நால்வரும் ஏதாவது ஒன்றை மாற்றினார்கள். ஐந்தாமவர் எல்லாவற்றையும் மாற்றத் தயாராக இருந்தார். ஒருவரேனும் எதையாவது அளந்தாரா என்றால், இல்லை.

இதை நாங்கள் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். பேட்டரியை மாற்றியவர் பழைய பேட்டரியின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்துப் பார்க்கவில்லை. முழுதாக மின்னேறிய பேட்டரி ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். 12.2-க்கு வந்தால் பாதி தீர்ந்தது என்று பொருள். எஞ்சின் ஓடும்போது 13.8-இலிருந்து 14.4 வரை நின்றால் மின்னேற்றம் சரியாக நடக்கிறது. இந்த மூன்று எண்களைப் பார்க்க மூன்று நிமிடம்கூட ஆகாது. மூன்று நிமிடச் சோதனையைத் தவிர்ப்பதற்காக 4,200 ரூபாய்ப் பொருளை மாற்றுவது எந்த ஊர் நியாயம்?

மாற்றிப் பார்ப்பவர் தம் வழிக்கு ஒரு தத்துவமும் வைத்திருக்கிறார். 'ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்தால் எப்படியும் ஒருநாள் சரியாகும்.' ஆகும். தலைவலிக்காரருக்கு ஒவ்வோர் உறுப்பாக எடுத்துக்கொண்டே வந்தாலும் ஒருநாள் தலைவலி நிற்கும்.

*

விழுப்புரத்தில் ஒரு நூல் அறிமுகக் கூட்டம் முடிந்து இரவு பதினொரு மணிக்குமேல் திரும்பிக்கொண்டிருந்தோம். அச்சிறுபாக்கத்தைத் தாண்டிய சற்று நேரத்தில் சாலையில் ஒரு மாடு குறுக்கிட, ஓட்டிய நண்பர் பிரேக்கை அழுத்தினார். பின்னால் வந்த லாரி எங்கள் வலப்பக்கம் ஒரு முழம் இடைவெளியில் கிறீச்சிட்டுக்கொண்டு விலகிப் போய், நூறடி தள்ளி நின்றது. இறங்கி வந்த ஓட்டுநர் திட்டவில்லை. அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. 'பிரேக் லைட்டே எரியலீங்களே... நீங்க நிக்கிறீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?' என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. வருகிற வழியெல்லாம் நவீன நாவலின் வடிவச் சிக்கல்களைப் பற்றி வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தவர்கள் நாங்கள். எங்கள் முதுகுக்குப் பின்னால் இரண்டு பல்புகள் எரிகின்றனவா என்று பார்க்கவில்லை.

*

மறுநாள் வண்டியை எடுத்துக்கொண்டு போனது, தெருமுனையில் தகரக்கூரைக்குக் கீழே பழைய டைனமோக்களுக்கு நடுவில் அமர்ந்திருக்கும் ஒரு முதிய எலெக்ட்ரீஷியனிடம். (ஆல்டர்னேட்டர் வந்து எத்தனையோ காலமாகியும் நம் பட்டறைகளில் அதற்கு டைனமோ என்றுதான் பெயர்.) அவர் முதலில் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. கேள்விகள் கேட்டார். பிரேக் மிதிக்கும்போது மட்டுமா? ஹெட்லைட் போட்டிருக்கும்போதும் அப்படியா? முள் இறங்குவது இண்டிகேட்டருக்கா, பிரேக்குக்கா? மழைக்கு முன்னாலா, பின்னாலா? பிறகு சொன்னார்: 'நாலு கம்ப்ளெயின்ட் இல்ல சார். ஒண்ணுதான். எர்த் விட்டிருக்கு.'

இந்த ஒரு வரியை விளக்காமல் நகர்ந்தால் எங்கள் வாதம் விளங்காது. மின்சாரம் போனால் போதாது, திரும்பி வரவும் வேண்டும். காரில் போகும் வழி கம்பி. திரும்பும் வழி வண்டியின் இரும்பு உடலே. ஒவ்வொரு விளக்குத் தொகுதியிலிருந்தும் ஒரு குட்டைக் கம்பி வந்து உடலில் ஒரு திருகால் இறுக்கப்பட்டிருக்கும். அதுதான் எர்த். எங்கள் வண்டியில் வலப்பக்கப் பின்விளக்குகளும் பெட்ரோல் டேங்கின் மிதவையும் ஒரே திருகைப் பகிர்ந்துகொண்டிருந்தன. டிக்கியின் ரப்பர் விளிம்பு வெடித்து, மழைநீர் சொட்டுச் சொட்டாக அந்தத் திருகின் மேல் விழுந்திருக்கிறது. திருகு துருவேறி, செம்பு வளையம் களிம்பேறி, திரும்பும் வழி அடைபட்டிருக்கிறது.

அடைபட்ட ஆறு வேறு வழி தேடும். மின்சாரமும் அப்படித்தான். பின்விளக்கு பல்பு ஒன்றுக்குள் இரண்டு இழைகள் உண்டு. பிரேக்குக்கு 21 வாட், இரவு விளக்குக்கு 5 வாட். இரண்டுக்கும் எர்த் பொது. பிரேக்கை மிதித்ததும் பெரிய இழை வழியாக வந்த மின்சாரம், எர்த்தில் வழியின்றிச் சிறிய இழைக்குள் பின்னோக்கிப் புகுந்து, இரவு விளக்குகளின் கம்பியில் ஏறி, டேஷ்போர்டு விளக்குகளைத் தேடிப்போய், அவற்றின் எர்த் வழியாக வெளியேறியது. பகலில் டேஷ்போர்டு ஒளிர்ந்ததன் மர்மம் இதுதான். அதே முடிச்சில் ஏறிய அழுத்தம் மிதவையின் கணக்கைக் குலைத்தது. முள் சரிந்தது. வலப்பக்கப் பின் இண்டிகேட்டர் பல்புக்குப் போதிய மின்சாரம் ஓடாதபோதெல்லாம் பிளாஷர் 'ஒரு பல்பு செத்துவிட்டது' என்று எண்ணி வேகமாகத் துடித்தது. பிளாஷர் பொய் சொல்லவில்லை, தன்னால் இயன்ற அளவில் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. அதைத்தான் நாங்கள் 250 ரூபாய் கொடுத்துத் தூக்கி எறிந்தோம்!

இரவில் நிலைமை இன்னும் மோசம். இரவு விளக்கு எரியும்போது சிறிய இழையின் மறுமுனையிலும் 12 வோல்ட் நிற்கிறது. பின்னோக்கிப் போகும் அந்தத் திருட்டு வழியும் மூடிவிடுகிறது. ஆகவே குலுங்கலில் எர்த் முற்றிலும் விட்ட கணத்தில் வலப்பக்கப் பிரேக் விளக்கு பெயருக்கு மினுங்குமே தவிர, எரியாது. பகலில் பட்டறையில் நின்று 'எரியுதே சார்' என்றவர்கள் பார்த்தது பகல் விளக்கை. எங்களைக் கொல்லப் பார்த்தது இரவு விளக்கு. இடப்பக்கம்? அங்கே பிரேக் இழை எப்போதோ அறுந்திருக்கிறது. அதை ஒருவரும் கவனிக்கவில்லை, நாங்கள் உட்பட.

முதியவர் மீட்டரின் ஒரு முனையை விளக்கின் எர்த்திலும், மறுமுனையைச் சுரண்டிய வெற்று இரும்பிலும் வைத்து, பிரேக்கை மிதிக்கச் சொன்னார். 5.8 வோல்ட். அங்கே இருக்கவேண்டியது பூச்சியத்துக்குப் பக்கத்தில் ஓர் எண். 0.2-ஐத் தாண்டினாலே சந்தேகப்பட வேண்டும். அதாவது பேட்டரி கொடுத்ததில் ஏறக்குறைய பாதி, ஒரு துருப்பிடித்த திருகில் வீணாகிக்கொண்டிருந்தது. பாதி அழுத்தம் கிடைத்தால் பாதி வெளிச்சம் வரும் என்று எண்ண வேண்டாம். இழை பல்பின் வெளிச்சம், அழுத்தத்தின் ஏறத்தாழ 3.4 மடிப்பெருக்கத்தில் ஏறி இறங்குவது. அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் முப்பது விழுக்காடு குறையும். பாதியானால் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

பிறகு நடந்தது பத்து நிமிட வேலை. திருகைக் கழற்றி, உப்புத்தாளால் இரும்பு பளிச்சிடும்வரை தேய்த்து, புதிய வளையமும் பல்வாஷரும் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் பூசினார். மீட்டர் 0.05 காட்டியது. நான்கு சேட்டைகளும் ஒரே நொடியில் அடங்கின. இடப்பக்கத்துக்கு முப்பது ரூபாயில் ஒரு பல்பு. கடைசியாக, 'ரப்பரை மாத்திடுங்க, இல்லாட்டி அடுத்த ஐப்பசிக்குத் திரும்ப வருவீங்க' என்றார். நோயைக் கண்டவர், அதன் காரணத்தைக் கண்டவர், அந்தக் காரணத்தின் காரணத்தையும் கண்டவர்.

சைவ சித்தாந்திகள் ஆணவ மலத்துக்குச் செம்பில் களிம்பை உவமையாகச் சொன்னார்கள். செம்பு இருக்கிறது, அதன் இயல்பை உள்ளிருந்தே மறைத்துக்கொண்டு களிம்பும் இருக்கிறது. அந்த உவமையின் பொருத்தம் எங்களுக்கு விளங்கியது எந்த உரைநூலிலும் அல்ல, ஒரு டிக்கியின் மூலையில்.

*

எதிர்ப்பாளர்கள் என்ன சொல்வார்கள் என்பது எங்களுக்குத் தெரியும்.

'ஒரு திருகை வைத்துப் பெருங்காவியம் பாடுகிறீர்கள்' என்பார்கள். ஒன்று மட்டும் அல்ல. தினமும் காலையில் பேட்டரி இறங்கிக் கிடக்கும் வண்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். டிக்கிக்குள் ஓர் ஐந்து வாட் பல்பு அணையாமல் எரிந்தால் போதும். 0.4 ஆம்பியர் வீதம், 35 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்றரை நாளில் காலி. செல்ப் எடுக்காமல் போவது அதற்கு வெகு முன்பே. புதிய பேட்டரி வாங்கிப் போட்டாலும் அதே கதைதான், புதியது என்பதால் அந்த பல்பு இரக்கம் காட்டாது. நெகட்டிவ் கம்பியைக் கழற்றி இடையில் மீட்டரை ஆம்பியரில் வைத்து, பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினால் எதைப் பிடுங்கும்போது கசிவு நிற்கிறதோ அந்தச் சுற்றில் திருடன் இருக்கிறான். இன்னொன்று: பழைய வண்டிகள் பலவற்றில் டேஷ்போர்டின் சிவப்புப் பேட்டரி விளக்கு வெறும் எச்சரிக்கை அன்று. ஆல்டர்னேட்டர் விழித்தெழத் தேவையான முதல் மின்சாரம் அந்த பல்பின் வழியாகவே போகிறது. அது பியூஸானால் ஆல்டர்னேட்டர் உறங்கிக் கிடக்கலாம். அப்போது 'டைனமோ போச்சு' என்று தீர்ப்பெழுதுபவர், சாவியைத் திருப்பியதும் அந்தச் சிவப்பு விளக்கு எரிந்ததா என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

'வோல்ட் பார்த்தோம், பன்னிரண்டு காட்டியது' என்பார்கள் வேறு சிலர். எதையும் எரியவிடாமல் பார்த்திருப்பார்கள். மல்டிமீட்டர் இழுக்கும் மின்சாரம் இல்லையென்றே சொல்லத்தக்க அளவு சிறியது. மின்சாரம் ஓடாத இடத்தில் அடைப்பு தெரியாது. ஓர் இழையில் தொங்கும் கம்பிகூடப் பன்னிரண்டு காட்டும். சுமை ஏற்றிப் பார்த்தால்தான் சாயம் வெளுக்கும். இது புதிய ஞானம் அன்று. கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த கியோர்க் ஓம் 1827-இலேயே நூலாக எழுதி வைத்த உறவு.

'நிறுவனம் சரியில்லை' என்பது மூன்றாவது கட்சி. இங்கிலாந்தில் பழைய கார்ப் பிரியர்கள், மின்கருவிகள் செய்த லூகாஸ் நிறுவனத்தை 'இருளின் இளவரசன்' என்று தலைமுறைகளாகக் கேலி செய்தார்கள். சிரிக்கலாம். ஆனால் நாற்பது ஆண்டு மழையில் நனைந்த எர்த் திருகை ஒருமுறையும் கழற்றிப் பார்க்காதவருக்கு அந்தக் கேலி ஒரு வசதியான போர்வையும்கூட.

'இந்தக் காலத்தில் யார் பழைய வண்டி வைத்திருக்கிறார்கள்?' என்று கேட்பவர்களுக்கு: 1983 டிசம்பரில் சாலைக்கு வந்த மாருதி 800-இன் உற்பத்தி 2014 ஜனவரியில்தான் நின்றது. அம்பாசடர் நின்றதும் அதே ஆண்டில்தான். அந்தத் தலைமுறைச் சிறு வண்டிகளைப் புதிது வாங்க இயலாதவர்கள் இன்னும் ஓட்டுகிறார்கள். காய்கறி ஏற்றுகிறார்கள், பிள்ளைகளைப் பள்ளியில் விடுகிறார்கள். ஐம்பதாயிரம் ரூபாய் வண்டிக்காரருக்கு 7,650 ரூபாய் என்பது வண்டியின் விலையில் ஏழில் ஒரு பங்கு. மாற்றிப் பார்க்கும் வைத்தியம் ஏழையிடம்தான் அதிகம் வசூலிக்கிறது.

*

இதுவரை மற்றவர்களைச் சாடினோம். இனி எங்கள் முறை.

பட்டறைக்காரர் ஏன் யோசிப்பதில்லை? யோசிப்பதற்கு நாம் காசு கொடுப்பதில்லை. பேட்டரிக்கு 4,200 கேட்டால் பேசாமல் எடுத்து வைக்கிறோம். கையில் ஒரு பொருள் வருகிறதல்லவா! அன்று அந்த முதியவர் ஒன்றரை மணி நேரத்துக்கு 300 ரூபாய் கேட்டபோது எங்களில் ஒருவர் சொன்னது இது: 'ஒரு ஸ்குரூவைத் திருகியதற்கா?' அவர் பதில் சொல்லவில்லை. உப்புத்தாளை மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். அந்த மௌனத்தை நாங்கள் இன்னும் மறக்கவில்லை. மறக்கவும் கூடாது. எந்தத் திருகு என்று கண்டுபிடித்ததற்குத்தான் அந்த முந்நூறு. அதைப் பேரம் பேசியவர்கள், கவிதைக்குச் சன்மானம் தராத பத்திரிகைகளைக் கண்டித்து எழுதுகிறவர்கள்!

அறிவை மதிப்பதாகச் சொல்லிக்கொள்ளும் நாம், கையில் கிரீஸ் ஒட்டிய அறிவை அறிவென்று எண்ணுவதில்லை. ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்துப் போட்டுத் தானே திரும்பப் பூட்டிக் கற்றுக்கொண்ட கோவை ஜி. டி. நாயுடுவின் கதையை மேடையில் பெருமையோடு சொல்வோம். நம் வண்டியின் பியூஸ் பெட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டால், 'அதெல்லாம் எனக்குத் தெரியாது' என்போம். சொல்லும்போது முகத்தில் ஒரு புன்னகை வேறு. தெரியாததில் இழிவில்லை. அந்தப் புன்னகையில் இருக்கிறது.

திருக்குறளின் மருந்து அதிகாரம் நமக்கெல்லாம் மனப்பாடம். நோயைத் தேடு, அதன் வேரைத் தேடு, தணிக்கும் வழியைத் தேடு, பிறகு பொருந்தச் செய் என்ற வரிசையை அதில் படித்துத் தேர்வெழுதி மதிப்பெண் வாங்கியவர்கள் நாம். மனப்பாடம் செய்த நாங்கள் நான்காவது படியிலேயே தொடங்கினோம். அந்தக் குறளைப் படித்தாரோ இல்லையோ, தகரக்கூரைக்குக் கீழிருந்தவர் முதல் படியிலிருந்து ஏறினார்.

எங்கள் கோரிக்கை பெரிதல்ல. அடுத்தமுறை 'மாத்திப் பார்த்துடலாம்' என்று ஒருவர் சொல்லும்போது, 'எதை அளந்தீர்கள்?' என்று கேளுங்கள். அளந்து சொன்னவருக்கு, எந்தப் பொருளையும் மாற்றாவிட்டாலும், கேட்ட கூலியைக் கொடுங்கள். கோளாறு எப்போது வருகிறது, எதோடு சேர்ந்து வருகிறது, எப்போது வருவதில்லை என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். எழுதத் தெரிந்தவர்கள் என்று பெயர் வாங்கியவர்கள் அதையாவது செய்யலாம். இன்று இரவு ஒரு சுவருக்கு முன் வண்டியைப் பின்பக்கமாக நிறுத்தி, இரவு விளக்கைப் போட்டுக்கொண்டு பிரேக்கை மிதியுங்கள். சுவரில் இரண்டு பக்கமும் சிவப்பு ஒரே அளவில் பளிச்சிட்டதா?

இல்லையென்றால், பழைய வண்டி அப்படித்தான் இருக்கும் என்று எங்களைப்போல இருந்துவிடாதீர்கள். எங்களுக்குப் பின்னால் வந்த லாரி ஓட்டுநர் அன்று உறங்கிவழியாமல் இருந்தார். அந்த நல்லூழை நாங்கள் யாருக்கும் உறுதியளிக்க முடியாது.